போர்க்கப்பலின் விலையைப் பத்தாண்டுக்கு முன்பே கணிக்க முடியுமா? பிரிட்டனின் பாதுகாப்புத் தளவாடத் திட்டமும் செலவு மாதிரிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுத்த பத்தாண்டுகளில் எந்தெந்தத் தளவாடங்களை வாங்குவது, அவற்றைப் பராமரிக்க எவ்வளவு செலவாகும், அதற்குக் கையில் பணம் இருக்கிறதா என்பதை ஒரே கணக்காகத் தொகுக்கும் முயற்சியைப் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம் 2012இல் தொடங்கியது. அந்தக் கணக்கை அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் ஆண்டுதோறும் ஆராய்ந்து, நாடாளுமன்றத்தின் முன் அறிக்கையாக வைத்தது. அரசு ஒன்று தன் பாதுகாப்புச் செலவைச் செலவு மாதிரிகளின் துணையோடு ஆள முயன்றதையும், அது எங்கே பலித்தது, எங்கே கவிழ்ந்தது என்பதையும் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் ஆவணங்கள் வேறு நாடுகளில் குறைவு. அதனால் இந்தப் பக்கத்தின் பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் அங்கிருந்தே வருகின்றன.

செலவு மாதிரி என்றால் என்ன? அது வரவுசெலவுத் திட்டத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது?

வரவுசெலவுத் திட்டம் எவ்வளவு பணம் தரப்படும் என்பதைச் சொல்கிறது. செலவு மாதிரி எவ்வளவு பணம் தேவைப்படும் என்பதைச் சொல்ல முயல்கிறது. இரண்டும் ஒரே தொகையைக் காட்டினால் மகிழ்ச்சி அடைவதற்கு முன், யாராவது ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதிவிட்டார்களா என்று சந்தேகப்படுவதே முறை.

மாதிரி என்பது அடிப்படையில் அனுமானங்களின் சங்கிலி. கப்பலின் எடை எவ்வளவு, எத்தனை கப்பல்கள், எந்தக் கட்டுமானத் தளத்தில், எந்த ஆண்டில் தொடங்கி, என்ன கூலிக்கு, எந்தப் பணவீக்க விகிதத்தில், எந்த நாணய மாற்று மதிப்பில் என்று ஒவ்வொன்றையும் வெளிப்படையாக எழுதி, அவற்றிலிருந்து செலவை வருவிக்கும் கணக்கு அது. ஓர் அனுமானத்தை மாற்றினால் விடை எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க முடிவதுதான் அதன் பயன். அந்த வசதி இல்லாத விரிதாளை, அதில் எத்தனை ஆயிரம் வரிகள் இருந்தாலும், மாதிரி என்று சொல்வது பொருந்தாது.

மதிப்பீட்டாளர்கள் எந்த முறைகளைப் பயன்படுத்துகிறார்கள்?

மூன்று முறைகள் வழக்கத்தில் உள்ளன. திட்டம் கருவாக இருக்கும்போது, முன்பு கட்டிய ஒத்த பொருளின் செலவை எடுத்துக்கொண்டு, அளவுக்கும் சிக்கலுக்கும் ஏற்பத் திருத்துவது ஒப்புமை முறை. எடை, உந்துவிசை, மென்பொருளின் அளவு போன்ற பண்புகளுக்கும் பழைய திட்டங்களின் செலவுக்கும் இடையே புள்ளியியல் உறவைக் கண்டு, அதைப் புதிய திட்டத்துக்குப் பொருத்துவது அளவுரு முறை. அமெரிக்காவின் ஆர்சிஏ என்ற மின்னணுவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிராங்க் ஃப்ரைமன் இதைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. வரைபடங்கள் தயாரான பிறகு ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை மணி உழைப்பு, எவ்வளவு பொருள் என்று கீழிருந்து கூட்டிக்கொண்டு வருவது மூன்றாவது முறை. இம்மூன்றில் துல்லியமாகத் தோன்றுவது மூன்றாவதுதான். ஆனால் பட்டியலில் எழுத மறந்த வேலைக்கு அதில் விலையே இருக்காது என்பதால், அனுபவம் மிக்கவர்கள் அதன் விடையை முதல் இரு முறைகளின் விடைகளோடு ஒப்பிடாமல் விடுவதில்லை.

இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது கற்றல் வளைவு. விமானப் பொறியாளர் டி. பி. ரைட் 1936இல் வெளியிட்ட கட்டுரையில், கட்டப்படும் விமானங்களின் மொத்த எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்கான சராசரி உழைப்பு ஏறத்தாழ 80 சதவீதமாகக் குறைகிறது என்று காட்டினார். முதல் விமானத்துக்கு 1,00,000 மணி ஆனால், இரண்டு கட்டும்போது சராசரி 80,000, நான்கில் 64,000, எட்டில் 51,200. எட்டு வாங்கப்போவதாகச் சொல்லி விலை பேசிவிட்டு நான்கோடு நிறுத்தினால், ஒவ்வொன்றும் நான்கில் ஒரு பங்கு கூடுதல் உழைப்பை விழுங்கியிருக்கும். எண்ணிக்கையைக் குறைப்பவர்கள் இந்த வரியைத்தான் முதலில் மறக்கிறார்கள்.

தனித்தனித் திட்டங்களைச் சரியாக மதிப்பிட்டுக் கூட்டினால் மொத்தமும் சரியாகத்தானே வர வேண்டும்?

வராது. காரணத்தை ஒரு சிறு கணக்கால் காட்டலாம்.

பத்துத் திட்டங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 100 கோடி செலவாகும். 120 கோடியை ஒதுக்கினால் அதற்குள் முடிய 80 சதவீத வாய்ப்பு உள்ளது. எல்லாத் திட்டத்துக்கும் பாதுகாப்பாக 120 கோடி கொடுத்தால் மொத்தம் 1,200 கோடி தேவை. ஆனால் பத்துத் திட்டங்களும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றால், ஒன்றில் மிச்சமாவது மற்றொன்றின் இழப்பை ஈடுகட்டும். மொத்தத் தொகுப்பும் 80 சதவீத வாய்ப்போடு முடிய ஏறத்தாழ 1,063 கோடியே போதும். மீதி 137 கோடியைத் தேவையின்றிப் பூட்டி வைப்பது தவறு என்று நிதித்துறை வாதிடுவது இதனால்தான். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், பாதுகாப்புத் திட்டங்கள் தொடர்பில்லாதவை அல்ல. அவை ஒரே கப்பல் தளத்தில், ஒரே பற்றவைப்பாளர்களை நம்பி, ஒரே டாலர் விலையில், ஒரே எஃகுச் சந்தையில், ஒரே அமைச்சரின் மனமாற்றத்துக்கு உட்பட்டு நடக்கின்றன. தொடர்பே இல்லையென்றால் 0, முழுக்கச் சேர்ந்தே நகர்ந்தால் 1 என்ற அளவுகோலில், திட்டங்களுக்கிடையே 0.5 அளவுக்குத் தொடர்பு இருப்பதாக எடுத்துக்கொண்டால், அதே 80 சதவீத உறுதிக்குத் தேவைப்படும் தொகை ஏறத்தாழ 1,148 கோடி. ஆக, ஒவ்வொரு திட்டத்தின் மதிப்பீட்டிலும் ஓர் எண்ணைக்கூட மாற்றாமல், தொடர்பைப் பற்றிய ஓர் அனுமானத்தால் மட்டும், சராசரியான 1,000 கோடிக்கு மேல் வைக்க வேண்டிய இருப்புத் தொகை 63 கோடியிலிருந்து 148 கோடியாகிறது. ஆயிரக்கணக்கான முறை பகடை உருட்டிப் பார்க்கும் மான்ட்டி கார்லோ கணக்கீட்டை மென்பொருள் சில நொடிகளில் முடித்துவிடும். தொடர்பு எவ்வளவு என்று தீர்மானிக்கும் மனிதர்தான் உண்மையில் அந்த விடையை எழுதுகிறார்.

பிரிட்டனின் திட்டத்தில் 2023இல் என்ன நடந்தது?

2022இல் தொடங்கும் பத்தாண்டுக் கணக்கில், தேவையைவிட 260 கோடி பவுண்டு அதிகமாகவே பணம் இருப்பதாகக் காட்டப்பட்டது. ஓராண்டு கழித்து, 2023 முதல் 2033 வரையிலான கணக்கில், தேவை 30,550 கோடி பவுண்டு, கையிருப்பு 28,860 கோடி பவுண்டு, பற்றாக்குறை 1,690 கோடி பவுண்டு என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2023 டிசம்பரில் அறிவித்தது. 2012இல் இந்தக் கணக்கு தொடங்கியதிலிருந்து இதுவே மிகப்பெரிய இடைவெளி.

ஓராண்டில் இவ்வளவு எப்படிப் புரளும் என்று கேட்கலாம். அணு ஆயுத நீர்மூழ்கித் திட்டங்களின் மதிப்பீடு 3,820 கோடி பவுண்டு உயர்ந்தது. கடற்படையின் மதிப்பீடு 1,640 கோடி உயர்ந்தது. பணவீக்கம் மட்டும் குறைந்தது 1,090 கோடியைக் கூட்டியது. ஆனால் நான் இந்த அறிக்கையில் மிக முக்கியமாகக் கருதுவது வேறொன்று. கடற்படையும் அணுசக்திப் பிரிவும் தங்களிடம் எதிர்பார்க்கப்படும் திறன்கள் அனைத்துக்கும் ஆகும் செலவைக் கணக்கில் சேர்த்திருந்தன. தரைப்படையோ, தனக்குக் கட்டுப்படியாகும் என்று நினைத்தவற்றை மட்டுமே சேர்த்திருந்தது. தரைப்படையும் அதே முறையில் எழுதியிருந்தால் பற்றாக்குறை இன்னும் 1,200 கோடி பவுண்டு அளவுக்குக் கூடியிருக்கும். ஒரே அட்டவணையில், ஒரே தலைப்பின்கீழ், ஒரு பிரிவு தேவையையும் மற்றொரு பிரிவு வசதியையும் எழுதிவைத்தால், கூட்டுத்தொகை எதைக் குறிக்கிறது என்பதை எந்தப் புள்ளியியல் நுட்பத்தாலும் மீட்டெடுக்க முடியாது.

அமைச்சகமே தந்த வரம்பின்படி பற்றாக்குறை 760 கோடிக்கும் 2,980 கோடிக்கும் இடையில் எங்கும் அமையலாம். செய்தித்தாள்கள் 1,690 என்ற எண்ணைத் தலைப்பில் போட்டன; முடிவெடுக்க வேண்டியவர்களுக்குப் பயன்பட்டிருக்கக்கூடியது அந்த வரம்புதான்.

மாதிரி தவறியதால் ஒரு முடிவே தலைகீழாக மாறியதுண்டா?

உண்டு. 2010 அக்டோபரில் பிரிட்டன் அரசு, கட்டுமானத்தில் இருந்த இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களில் ஒன்றை, விமானங்களைக் கவண்போல் வீசி ஏற்றும் கேட்டபல்ட் கருவியும், இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பியமைப்பும் கொண்டதாக மாற்ற முடிவுசெய்தது. அதற்கேற்ப, செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி விமானத்தைக் கைவிட்டு, தொலைவு அதிகம் பறக்கும் எஃப்-35சி வாங்குவது என்றும் தீர்மானித்தது. மாற்றியமைக்க 50 முதல் 80 கோடி பவுண்டு ஆகும் என்பதே அப்போதைய மதிப்பீடு. சுமார் 17 மாதங்களில் அது 200 கோடி பவுண்டாக ஏறியது. 2012 மே மாதம் பழைய விமானத்துக்கே திரும்புவதாக அரசு அறிவித்தது. இப்படிப் போய்த் திரும்பியதில் 7.4 கோடி பவுண்டு வீணானதாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது.

மதிப்பீடு எதனால் இவ்வளவு தவறியது? நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 2013இல் சுட்டிக்காட்டிய காரணங்களைப் படிப்பவருக்குச் சற்று வியப்பாக இருக்கும். மின்காந்தக் கேட்டபல்ட் போன்ற புதிய தொழில்நுட்பத்தின் சிக்கல் ஒருபுறம் இருக்க, பணவீக்கத்தையும் மதிப்புக்கூட்டு வரியையும் தொடக்கக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். ஒரு வீட்டுக்கு எஸ்டிமேட் போடும் மேஸ்திரிகூடத் தவறவிடாத வரிகள் இவை. முடிவு இரகசியமாகவும் அவசரமாகவும் எடுக்கப்பட்டதால், கணக்கைச் சரிபார்க்கக்கூடியவர்களிடம் அது போய்ச்சேரவே இல்லை. கப்பல் எளிதில் மாற்றியமைக்கத்தக்கது என்ற பொதுவான நம்பிக்கையும் யாராலும் சோதிக்கப்படாமல் அனுமானமாக உட்கார்ந்திருந்தது.

இந்த ஆண்டு பணம் போதவில்லை என்றால் வேலையை மெதுவாக்கினால் போதாதா?

பாதுகாப்புத் தொகுப்பை ஆள்பவர்கள் கையிலெடுக்கும் முதல் கருவி இது. என் கருத்தில் மிக விலையுயர்ந்த கருவியும் இதுவே. மேலே சொன்ன அதே கப்பல்களின் கட்டுமானத்தை 2008 டிசம்பரில் ஓரிரு ஆண்டு தள்ளிப்போட்டார்கள். அடுத்த நான்கு ஆண்டுகளில் 45 கோடி பவுண்டு மிச்சமானது. அதன் பிறகான ஆண்டுகளில் 156 கோடி பவுண்டு கூடுதலாகச் செலவாகும் என்று தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் தளத்தில் சம்பளத்தோடு காத்திருப்பார்கள், பொருட்களின் விலை ஏறும், பழைய கப்பல்களை இன்னும் சில ஆண்டு ஓட்ட வேண்டியிருக்கும். தொடக்க அனுமதியில் 365 கோடி பவுண்டு என்றிருந்த இரண்டு கப்பல்களின் விலை இறுதியில் ஏறத்தாழ 620 கோடி ஆனது. அதில் ஒரு பெரும்பங்கு தள்ளிப்போட்டதன் கூலி.

ஆண்டுக் கணக்கில் சேமிப்பாகவும் திட்டக் கணக்கில் இழப்பாகவும் தோன்றும் இந்த வகை முடிவுகளை எடைபோடத்தான் தொகுப்பு மாதிரி பயன்பட வேண்டும். ஒரு திட்டத்தைத் தள்ளினால் ஒவ்வோர் ஆண்டின் செலவும் எப்படி நகரும் என்பதை அமைச்சரின் மேசையில் ஒரே வரைபடத்தில் காட்ட முடிந்தால், தள்ளிப்போடுவதை அவர் நிறுத்திவிடுவார் என்று சொல்லவில்லை. தெரியாமல் தள்ளிப்போட்டதாகச் சொல்ல முடியாமல் போகும்.

எண்ணிக்கையைக் குறைப்பதும் இதே குடும்பம். டைப் 45 நாசகாரிக் கப்பல்கள் 12 வாங்குவதாகத் தொடங்கி, 8 ஆகி, 6இல் முடிந்தது. வடிவமைப்புச் செலவு அப்படியே நிற்க, அதைச் சுமக்கும் கப்பல்கள் பாதியானதால், ஒவ்வொன்றும் 100 கோடி பவுண்டைத் தாண்டியது.

நிலையான விலைக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டால் மாதிரியே தேவையில்லையே?

தரைப்படையின் அஜாக்ஸ் கவச வாகனங்களுக்கு 2014இல் 589 வாகனங்கள், ஏறத்தாழ 550 கோடி பவுண்டு என்று உறுதி விலை ஒப்பந்தம் போடப்பட்டது. 2021 டிசம்பருக்குள் 320 கோடி பவுண்டு அளவுக்குப் பணம் கொடுக்கப்பட்டிருந்தது. வந்துசேர்ந்த வாகனங்கள் 26. இரைச்சலும் அதிர்வும் வீரர்களின் செவித்திறனைப் பாதிக்கும் அளவுக்கு இருந்ததால் சோதனைகள் நிறுத்தப்பட்டன. விலை மாறவில்லை, காலமும் பயனும் மாறின. பழைய வாகனங்களை நீட்டித்து ஓட்டும் செலவு இந்த ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை, தொகுப்பின் வேறொரு வரியில் போய் விழுகிறது.

வாங்கிய பிறகு ஆகும் செலவு?

யானையை வாங்குவதைவிடக் கட்டித் தீனி போடுவதுதான் பெரிது. எஃப்-35 விமானங்களைப் பராமரிக்க அமெரிக்காவுக்கு ஆகும் மொத்தச் செலவு 2018இல் 1.1 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. அந்நாட்டின் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி அது 1.58 லட்சம் கோடி டாலராகிவிட்டது. இத்தனைக்கும் விமானங்களை முன்பு திட்டமிட்டதைவிடக் குறைந்த மணிநேரமே பறக்கவிடுவதாகத் திட்டத்தை மாற்றிய பிறகான கணக்கு இது. கொள்முதல் விலையை மட்டும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் எந்த முறையும் செலவின் சிறிய பாதியையே பார்க்கிறது.

பணவீக்கத்தையும் நாணய மாற்றையும் மாதிரி எப்படிக் கையாள்கிறது?

நாணய மாற்றின் கணக்கு எளிது. பத்துக் கோடி டாலர் பெறுமானமுள்ள பொருள், பவுண்டு 1.50 டாலராக இருக்கும்போது 6.67 கோடி பவுண்டு, 1.25 டாலராக இறங்கினால் 8 கோடி பவுண்டு. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் வாக்கெடுப்பை ஒட்டிப் பவுண்டு ஏறத்தாழ இந்த அளவுக்கே சரிந்தது. விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் அமெரிக்காவிடம் டாலரில் வாங்கிக்கொண்டிருந்த அமைச்சகத்துக்கு, எவரும் எந்தத் தவறும் செய்யாமலே ஐந்தில் ஒரு பங்கு விலை ஏறியது. முன்கூட்டியே டாலரை விலை பேசி வைத்திருந்தால் சில ஆண்டுகள் தப்பிக்கலாம், பத்தாண்டும் தப்பிக்க முடியாது.

பணவீக்கம் அவ்வளவு எளிதன்று. நாட்டின் பொதுப் பணவீக்க விகிதத்தைப் பாதுகாப்புத் தளவாடங்களுக்கு அப்படியே பொருத்துவது பரவலான பிழை; கப்பல் தளத்தின் கூலியும் எஃகின் விலையும் அதே வேகத்தில் ஏற வேண்டும் என்பதில்லை.

மதிப்பீடுகள் தவறும்போது ஏன் எப்போதும் உண்மைச் செலவைவிடக் குறைவாகவே இருக்கின்றன?

தற்செயலான பிழையாக இருந்தால் பாதி முறை கூடுதலாகவும் தவற வேண்டும். 2009இல் பெர்னார்ட் கிரே பிரிட்டன் அரசுக்குத் தந்த ஆய்வறிக்கை, தளவாடத் திட்டங்கள் சராசரியாகச் செலவில் 40 சதவீதமும் காலத்தில் 80 சதவீதமும் தொடக்க அனுமதியைத் தாண்டுவதாகக் கண்டது. படைப்பிரிவு தன் திட்டம் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறது. நிறுவனம் ஒப்பந்தத்தை வெல்ல விரும்புகிறது. அமைச்சர் அறிவிக்க விரும்புகிறார். குறைந்த எண் மூவருக்கும் வசதி. அது உண்மையில்லை என்று தெரியும் காலத்தில் மூவரும் அந்தப் பதவிகளில் இருப்பதில்லை.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. பிரிட்டன் நிதியமைச்சகத்தின் வழிகாட்டுதல், திட்ட வகைக்கு ஏற்ப மதிப்பீட்டை வெளிப்படையாக உயர்த்திக்கொள்ளச் சொல்கிறது. வழக்கமான கட்டடத்துக்கு அதிகபட்சம் 24 சதவீதம் என்றால், கருவி உருவாக்கும் திட்டங்களின் மூலதனச் செலவுக்கு 200 சதவீதம் வரை. இரண்டாவது, திட்டக் குழுவுக்குக் கட்டுப்படாத ஒருவரைத் தனியாக மதிப்பிடச் செய்வது. அமைச்சகத்துக்குள்ளேயே இருக்கும் செலவு உறுதிப்பாடு மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு இந்த வேலையைச் செய்கிறது. அதன் எண் திட்டக் குழுவின் எண்ணைவிடப் பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். இந்த இரண்டாவது எண்ணைத் தயாரிப்பது கடினமில்லை. அதை வரவுசெலவுத் திட்டத்தில் எழுதுமாறு யாரைக் கட்டாயப்படுத்த முடியும் என்பதே கேள்வி.

சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாதா?

அமெரிக்கா முயன்றது. 1980களின் தொடக்கத்தில் வந்த நன்–மெக்கர்டி சட்டப்படி, ஓர் ஆயுதத் திட்டத்தின் அலகுச் செலவு நடப்பு அடிப்படை மதிப்பீட்டை 25 சதவீதமோ மூல மதிப்பீட்டை 50 சதவீதமோ தாண்டினால், பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்துக்கு முறைப்படி சான்றளிக்க வேண்டும். இல்லையேல் திட்டம் முடிவுக்கு வரும். 2009இல் இயற்றப்பட்ட இன்னொரு சட்டம், தனி மதிப்பீடு செய்யும் அலுவலகத்தை வலுப்படுத்தியது.

சென்டினல் கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைத் திட்டம் 2024இல் இந்த வரம்பைத் தாண்டியது. 2020இல் 7,770 கோடி டாலராக இருந்த மதிப்பீடு 14,090 கோடி டாலராகி, 81 சதவீதம் உயர்ந்தது. மதிப்பீட்டை உடைத்ததில் பெரும்பங்கு ஏவுகணையினுடையது அல்ல; பல மாநிலங்களில் பரந்துகிடக்கும் ஏவுதளங்களையும் கட்டுப்பாட்டு மையங்களையும் புதுப்பிக்கும் கட்டுமான வேலையினுடையது. எல்லோருடைய கண்ணும் ஏவுகணையில் இருந்தபோது குழி தோண்டும் கணக்கு நழுவிவிட்டது. மாற்று வழி இல்லை என்று சான்றளிக்கப்பட்டதால் திட்டம் தொடர்கிறது. சட்டம் செலவைக் குறைக்கவில்லை. ஆனால் எந்த அனுமானம் உடைந்தது என்பதைப் பொதுவெளியில் எழுதவைத்தது, அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

இந்தியாவில் நிலைமை எப்படி?

கொச்சியில் கட்டப்பட்ட விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்கு 2003இல் 3,261 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டு, பின்னர் அது 19,341 கோடியாகத் திருத்தப்பட்டது. கப்பல் 2022 செப்டம்பரில் படையில் சேர்ந்தது. ரஷ்யாவிடம் வாங்கிய விக்ரமாதித்யா கப்பலைப் புதுப்பிக்க 2004இல் 97.4 கோடி டாலர் என்று பேசப்பட்டு, மறுபேச்சுக்குப் பின் 235 கோடி டாலரில் நின்றது. பழைய கப்பலைப் பிரித்துப் பார்த்த பிறகே எவ்வளவு கம்பிவடம் மாற்ற வேண்டும் என்பது போன்றவை தெரியவந்தன. பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே விலை முடிவாகியிருந்தது. பழைய வீட்டை வாங்கிப் பழுதுபார்த்தவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள்.

நடைமுறையில் ஒரு நல்ல விதி இங்கே உண்டு. விற்பவரின் விலை உறையைத் திறப்பதற்கு முன், நியாயமான விலை எவ்வளவு என்பதை ஒப்பந்தப் பேச்சுக் குழு தானே மதிப்பிட்டுப் பதிவுசெய்ய வேண்டும். உறையைத் திறந்த பிறகு போடும் மதிப்பீடு அந்த விலையை நோக்கியே வளைந்துவிடும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி இது. 126 போர் விமானங்களை வாங்கும் முயற்சியில், வாழ்நாள் செலவையும் சேர்த்து ஒப்பிட்டு 2012இல் ரஃபேல் குறைந்த விலையாகத் தேர்வானது பாராட்டத்தக்க முன்னேற்றம். ஆனால் அந்தப் பேச்சு முடங்கிய இடங்களில் ஒன்று, கற்றல் வளைவும் உழைப்பு மணியும்தான். இந்தியாவில் அரசு விமான நிறுவனமான ஹெச்ஏஎல் ஆலையில் கட்டினால் பிரான்ஸில் ஆவதைவிட 2.7 மடங்கு மனித மணி தேவைப்படும் என்று அரசு பின்னாளில் உச்ச நீதிமன்றத்தில் தந்த விளக்கம் சொல்கிறது. விலை ஒப்பீட்டுக்கு முன்பே மாதிரியில் இருந்திருக்க வேண்டிய எண் அது.

தொகுப்பு என்ற அளவில் பார்த்தால், இந்தியாவின் மூலதன ஒதுக்கீட்டில் பெரும்பகுதி முன்பே கையெழுத்தான ஒப்பந்தங்களின் தவணைகளுக்குப் போய்விடுகிறது. பல ஆண்டுகளுக்கான செலவைச் சேர்த்துப் பார்க்கும் பொதுக் கணக்கு, பிரிட்டனில் போல இங்கே வெளியிடப்படுவதில்லை.

ஒரு மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

இறுதி எண்ணை விட்டுவிட்டு, அனுமானப் பட்டியலைத் தேடுங்கள். அது இல்லையென்றால் படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். இருந்தால், அதில் தேதி உண்டா, ஒவ்வோர் அனுமானத்துக்கும் பொறுப்பேற்கும் பதவி குறிப்பிடப்பட்டிருக்கிறதா, எந்த ஆண்டின் விலையில் எழுதப்பட்டது, வரி சேர்ந்ததா சேராததா என்று பாருங்கள். பிறகு சென்ற ஆண்டின் அறிக்கையை எடுத்து, எண் ஏன் மாறியது என்பதற்கு வரிக்கு வரி விளக்கம் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். "திறன் மேம்பாட்டால் சேமிப்பு" என்ற பெயரில் இன்னும் யாரும் கண்டுபிடிக்காத சேமிப்பு ஒன்று பெரும்பாலான அறிக்கைகளில் கழித்தல் குறியோடு ஒளிந்திருக்கும். அந்த வரியைக் கூட்டல் பக்கத்துக்கு மாற்றிவிட்டு மீண்டும் கூட்டிப் பாருங்கள்.

பிரிட்டனின் பத்தாண்டுத் திட்டம் இப்போதும் வெளிவருகிறதா?

2023 டிசம்பர் அறிக்கைக்குப் பின் அந்த வடிவில் வரவில்லை. 2025 ஜூனில் வெளியான பாதுகாப்பு மீளாய்வோடு, தளவாடங்களோடு ஆள்பலத்தையும் கட்டடங்களையும் சேர்த்துக் கணக்கிடும் பாதுகாப்பு முதலீட்டுத் திட்டம் அதன் இடத்தைப் பிடிக்கும் என்று அரசு அறிவித்தது. அந்த ஆவணத்தில், தரைப்படையும் கடற்படையும் ஒரே முறையில் எண்ணப்பட்டிருக்கின்றனவா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.